சோதிக்காத பேக்கப்

சவரிராஜ் எந்த ஊர்க்காரர் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. அவர் செய்தது மட்டும் நினைவிலிருந்து போகவில்லை.

இறந்தவர்களின் மனங்களைச் சர்வரில் வைத்துப் பராமரிக்கும் நிறுவனத்தில் அவர் நிர்வாகி. மாதந்தோறும் ஒவ்வொரு மனத்தின் பேக்கப்பையும், அதாவது மாற்று நகலையும், எழுப்பி, இரண்டு வார்த்தை பேசவைத்து, மறுபடி அணைக்க வேண்டும். பேசினால் பழுதில்லை என்று அர்த்தம்.

அவருடைய மனைவி ரோஸ்லினும் அந்தச் சர்வரில்தான் இருந்தாள். தினமும் வீட்டு ஸ்பீக்கரில் அவரோடு பேசுவாள். அவளுடைய பேக்கப்பை முதல்முறை எழுப்பியபோது, "இருட்டா இருக்குங்க, போயிராதீங்க" என்றது. அவர் அணைத்தார். அதன்பிறகு அதை எழுப்பாமலேயே 'சரி' என்று குறித்துவந்தார்.

உடன் வேலை பார்த்த மும்தாஜ் கேலி செய்வாள். "ஊருல உள்ளவங்களயெல்லாம் எழுப்புறீங்க, மைனிகிட்ட மட்டும் அப்படி என்னண்ணே பயம்?"

"அவ நல்லாத்தான் இருக்கா. நீ வேலயப் பாரு தாயி."

ஒரு மத்தியானம் ரோஸ்லின் இருந்த டிஸ்க் செத்தது. மும்தாஜ் பேக்கப்பைத் திறந்தாள். அது எப்போதோ பழுதாகியிருந்தது. ஒருமுறை எழுப்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ரோஸ்லினிடமிருந்தே புது நகல் எடுத்திருக்கலாம்.

"இத யாருண்ணே சோதிச்சது?"

"நான்தான்."

மும்தாஜ் இப்போது அங்கே நிர்வாகி; எல்லாரையும் எழுப்புகிறாள், எல்லாரையும் அணைக்கிறாள். சவரிராஜ் மகள் வீட்டில் இருக்கிறார், யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. ரோஸ்லின் எங்கும் இல்லை.