பட்டினி போட்ட நைனா

“ராத்திரி பூரா பட்டினியா போட்ட, நைனா?”

மதுமிதா போட்ட சத்தத்தில் செஞ்சிக் கோட்டையே ஒரு முழம் நகர்ந்தது.

“பொழுது சாஞ்சா நம்ம வீட்ல யாரும்மா சாப்பிடறாங்க?” என்றார் அவள் அப்பா மகாவீரன்.

“நாம ஜைனருங்க. அவங்களுமா?”

“நம்ம கூரைக்குக் கீழ இருக்கிற வரைக்கும் அப்படித்தான்.”

“பத்து மணிக்குப் பணம் போட்ட கம்பெனிக்காரர் வர்றாரு. வேலை ஆகலன்னா எல்லாத்தையும் இழுத்து மூடச் சொல்லிடுவாரு. மூணு வருஷ உழைப்பு! வெறும் வயித்தோட யாரு வேலை செய்வாங்க?”

அழுதுகொண்டே பின்கட்டு ஆய்வுக்கூடத்தைத் திறந்தாள். உள்ளே ஒரே ஒரு கண்ணாடித் தொட்டி. அதில், சாயம் தயாரிப்பதற்காக அவள் மரபணு மாற்றி வளர்த்த கோடானுகோடி பாக்டீரியாக்கள். அவற்றுக்குச் சர்க்கரை போகும் குழாயைத்தான் மகாவீரன் மாலையிலேயே மூடியிருந்தார்.

மூன்று வருடமாக வெளிறிக் கிடந்த தொட்டி, ஊருக்கே புடவை தோய்க்கலாம் போல நீலமாக நின்றது! தின்னக் கிடைத்தவரை பெருகிக்கொண்டே இருந்தவை, பசி வந்த பிறகுதான் சாயம் பண்ணத் தொடங்கியிருந்தன.

மகாவீரன் இரக்கத்தோடு குழாயைத் திறக்கப் போனார். “விடிஞ்சிடுச்சு. பாவம், சாப்பிடட்டும்மா.”

மதுமிதா பாய்ந்து அவர் கையைப் பிடித்தாள்.

“தொடாத நைனா! கம்பெனிக்காரர் வந்துட்டுப் போறவரைக்கும் அதுங்களுக்கு விரதம்.”