ஜன்னலோரத்துக் கடைசி டம்ளர்

நாற்பத்தொரு டம்ளர்களில் அவரை விதை முளைத்துவிட்டது. கடைசி டம்ளரில் மட்டும் வெறும் மண்.

பள்ளி விட்டு அரை மணி ஆகியும் டீச்சர் வகுப்பிலேயே இருந்தாள். கால்கள் கெஞ்சின. திருத்தாத நோட்டுகள் மேஜையில் மலையாகக் கிடந்தன. இந்த ஒரு வேலை முடிந்தால் வீட்டுக்குப் போய் விழுந்துவிடலாம்.

கைக்குட்டையைப் பிரித்தாள். வீட்டில் ஈரத்துணியில் முளைகட்டிய விதை ஒன்று உள்ளே இருந்தது. யாருக்கும் தெரியாமல் அதை அந்த டம்ளரில் புதைக்க வேண்டும்.

தப்பு அவளுடையதுதான். வெந்த விதை முளைக்காது என்று பிள்ளைகளுக்குக் காட்ட ஐந்து விதைகளை வேகவைத்துத் தனியாக வைத்திருந்தாள். ஆறாம் நாள் பார்த்தால் நான்குதான் இருந்தன. ஐந்தாவது எந்த டம்ளருக்குப் போனது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த டம்ளருக்குச் சொந்தக்காரி சரியான தொணதொணப்பு. ஏன், எப்படி என்று ஆரம்பித்தால் மணி அடிக்கிற வரை ஓயமாட்டாள். அதற்கு டீச்சரிடம் தெம்பு இல்லை.

"பொறுத்தார் பூமி ஆள்வார், தெரியுமா? தண்ணி ஊத்திக்கிட்டே இரு. கண்டிப்பா முளைக்கும்" என்று மட்டும் சொல்லிவைத்தாள்.

பிள்ளை ஒரு நாள் தவறாமல் ஊற்றினாள். அதற்குப் பிறகு கேள்வியும் கேட்பதில்லை. முதலில் அது நிம்மதியாகத்தான் இருந்தது. விடாமுயற்சிக்கு அவளையே வகுப்பில் உதாரணம் காட்டியபோதுதான் நெஞ்சு உறுத்தியது.

டீச்சர் மண்ணுக்குள் விரலை விட்டாள். அடிவரை துழாவினாள். விதை இல்லை.

பக்கத்தில் அந்தப் பிள்ளையின் சோதனை நோட்டு இருந்தது. செய்ததையும் பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் எழுத வேண்டும், மனசில் நினைத்ததை எழுதக்கூடாது என்று டீச்சர்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

ஏழாம் நாள்: தோண்டினேன். விதை நகத்தில் மசிந்தது. வீட்டில் ஒரு விதையை ஊறவைத்தேன், ஒன்றை வேகவைத்தேன். வெந்தது மட்டும் மசிந்தது.

எட்டாம் நாள்: விதையை எடுத்துவிட்டேன். மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றினேன். முளைக்கும் என்று மிஸ் சொன்னார்.

ஒன்பதாம் நாள்: தண்ணீர் ஊற்றினேன். முளைக்கும் என்று மிஸ் இன்றும் சொன்னார்.

பதினைந்தாம் நாள் வரை அதே வரிதான். ஒரு எழுத்துகூட மாறவில்லை.

டீச்சர் பிள்ளைகளின் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெட்கத்தில் காது சுட்டது.

நாளைக்கான வரியையும் பிள்ளை எழுதி வைத்திருந்தாள். "தண்ணீர் ஊற்றினேன். மிஸ் இன்று சொன்னது" என்பது வரை. மீதியைக் காலியாக விட்டிருந்தாள்.