வலது கதவின் இரண்டு வயர்கள்

கதவின் உட்பலகை கையோடு வந்துவிட்டது. கூடவே ஒரு க்ளிப்பும் உடைந்தது.

உடையட்டும்.

அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில், பழைய பெட்ஷீட்டை விரித்து, டிரைவர் பக்கக் கதவுக்கு எதிரே அவள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் ஸ்க்ரூடிரைவர். மேலே மாமியார் வளைகாப்புக்குக் கட்டிக்கொண்டு போகப் புடவை தேடிக்கொண்டிருந்தார். அந்தத் தேடல் லேசில் முடியாது. அதற்குள் வேலையை முடித்துவிடலாம்.

அவள் சினிமாவில் கோரஸ் பாடுகிறவள். கூட்டத்தோடு கூட்டம்.

போன வருஷம் ஒரு பாட்டில், இரண்டு சரணங்களுக்கு நடுவே, சின்னதாக ஒரு ஆலாபனை அவளுக்கு மட்டும் கிடைத்தது. சொல் எதுவும் கிடையாது. வெறும் அகாரம். பேரையும் எங்கும் போடவில்லை.

ஆனாலும் அது அவள்.

வீட்டில் டிவி வாயை மூடாது. போனில் வருவதையெல்லாம் மாமியார் பாட்டு என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். வெள்ளிக்கிழமை பஜனைக் குழுவை நடத்துகிறவர். கேட்டால் காரில்தான், பின் சீட்டில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

காரில் போட்டுக் காட்டினாள்.

"இப்ப வரும் பாருங்க அத்தை."

வந்தது. டும். டும். டும்.

"எங்கேம்மா? உரல்ல மாவு இடிக்கிற சத்தந்தான் கேக்குது."

டிக்கியில் பெரிய பேஸ் பெட்டி வைத்து, கதவுகளுக்குப் புது ஸ்பீக்கர் மாட்டி, எல்லாம் தன் கைவண்ணம் என்று பீற்றிக்கொண்டவன் கொழுந்தன் தயாளன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அண்ணி டிக்கிக்குள்ள உக்காந்து பாடியிருப்பாங்க போல."

அன்றிலிருந்து அவள் வீட்டில் டிக்கி பாடகி. விருந்தாளி வந்தால் அப்படித்தான் அறிமுகம். ஒருநாள் கணவனும் சிரித்தான். அதுதான் சுருக்கென்று தைத்தது.

குரல் எடுப்பாக வர வேறு ஸ்பீக்கர், வேறு ஆம்ப்ளிஃபயர் என்று கார் ஸ்பீக்கர் கடைக்காரர் நீட்டி முழக்கினார். அதற்கெல்லாம் வீட்டில் வழியில்லை.

நேற்று தனியாகக் காரில் உட்கார்ந்து, மியூசிக் செட்டின் திருகைத் திருப்பிப் பார்த்தாள். சத்தத்தை இடது பக்கம் மட்டும் தள்ளினாள். அவள் இருந்தாள். வலது பக்கம் மட்டும் தள்ளினாள். இருந்தாள்.

இரண்டையும் சேர்த்து வைத்தால் காணோம்.

ஒருவர் தள்ள, ஒருவர் இழுத்தால் கதவு எங்கே நகரும்? ஒரு ஸ்பீக்கர் தள்ளும் காற்றை மற்றது இழுத்தால் குரலும் அப்படித்தான், அழிந்துபோகும். ஸ்டூடியோவில் ஒருமுறை மைக் வயர் மாறிப்போய் இதே கூத்து நடந்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

இப்போது கதவுக்குள் கையை விட்டாள். டேப்பை உரித்தாள்.

காரோடு வந்த வயர் பச்சையும் பழுப்பும். ஸ்பீக்கரோடு வந்தது சிவப்பும் கருப்பும். எது எதற்கு என்று பார்க்கிற பொறுமை தயாளனுக்கு ஏது? இடது கதவில் அதிர்ஷ்டம். வலது கதவில் மாற்றி முறுக்கியிருந்தான்.

மாமியார் கேட்டதில் தப்பே இல்லை.

வயர்களை மாற்றி முறுக்கினாள். தகரத்தில் இருந்த ஓட்டைகளை, மொட்டை மாடி ஒழுகலுக்கு வாங்கி மீந்த தார் டேப்பால் அடைத்தாள். ஸ்பீக்கரைச் சுற்றி வைக்க, கணவனின் யோகா பாயிலிருந்து ஒரு வளையம் வெட்டினாள். அவன் அதில் ஒருநாளும் குனிந்ததில்லை. பாய்க்கு இப்போதுதான் விமோசனம்.

கதவை மூடினாள். கடகடவென்று ஆடாமல், கனமாக மூடியது.

செட்டில் பேஸ் உச்சத்தில் இருந்தது. மனிதக் குரல் குடியிருக்கும் மிட் அதல பாதாளத்தில். அதை இறக்கினாள். இதை ஏற்றினாள். ரொம்ப இல்லை, கொஞ்சம்.

பாட்டைப் போட்டாள்.

முன் கண்ணாடிக்கு நடுவே, டாஷ்போர்டுக்குச் சற்று மேலே, ஒரு பெண் நின்று பாடுவதுபோல் கேட்டது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் சிரிப்பு நிற்கவில்லை. வாட்ச்மேன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம்.

வளைகாப்பு நடக்கும் செங்கல்பட்டுக்குக் கிளம்பினார்கள். அவள்தான் ஓட்டினாள். பக்கத்தில் தயாளன், பின்னால் மாமியார். கணவனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்ட்.

பெருங்களத்தூர் தாண்டியதும் பாட்டை வைத்தாள். இப்போது வரும் என்று எதுவும் சொல்லவில்லை.

தயாளன் புது பைக்கைப் பற்றி அளந்துகொண்டிருந்தான். முதல் சரணம் முடிந்தது.

"சும்மா இருடா," என்றார் மாமியார்.

ஆலாபனை எழுந்தது. ஏறியது. ஒரு சுற்று சுற்றி, மேலே போய் நின்று, இறங்கியது.

தயாளன் செட்டைப் பார்த்தான். அப்புறம் அண்ணியைப் பார்த்தான். அப்புறம் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தான்.

கண்ணாடியில் மாமியாரைப் பார்த்தாள். கண்கள் மூடியபடியே இருந்தன. ஒரு விரல் மட்டும் முழங்கால்மேல் தாளத்தை விடவில்லை.

பாட்டு முடிந்தது.

"மேல போறதுக்கு முன்னாடி மூச்சு வாங்கிட்டியேம்மா. வாங்காம போயிருக்கணும்."

அவள் வாங்கியிருந்தாள்தான். துளி மூச்சு. அன்று ஸ்டூடியோவில் இருந்த யாருடைய காதிலும் அது விழவில்லை.

"ஆமாங்க அத்தை."

"இறங்குற இடத்துலயும் அவசரப்பட்டுட்ட. திரும்ப வை, சொல்றேன்."

வைத்தாள்.

செங்கல்பட்டு வர அதிக தூரம் இல்லை. அவள் இடது ஓரத்துக்கு வந்து, காரை மெதுவாக ஓட்டினாள்.