ஆபீஸ் நேரம்

"மீட்டிங் ஆரம்பிக்கப் போகுது பார்கவி. அப்புறம் பேசறேன்" என்று போனில் கிசுகிசுத்துவிட்டு, சபரி கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

அந்தக் கம்ப்யூட்டர் கடைசியாக ஓடி முப்பத்தைந்து வருஷமாகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. தொடக் கூடாது என்று மராத்தியில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

கராடி ஏரியாவில் இருந்த ஆபீஸில் அவன் வேலை போய் இன்றோடு பதினேழு நாள். பார்கவிக்கு ஏழாம் மாதம், பி.பி. வேறு. அதிர்ச்சியான எதையும் சொல்லாதீர்கள் என்று டாக்டர் எச்சரித்த மறுநாள்தான் கடிதம் கைக்கு வந்தது.

அன்றிலிருந்து தினமும் சாப்பாட்டுப் பையோடு கிளம்பி, போபோடியில் இருக்கும் இந்தக் குட்டிக் கம்ப்யூட்டர் மியூசியத்துக்கு வந்துவிடுகிறான். அடையாள அட்டையைக் கம்பெனி பிடுங்கிக்கொண்டது. வெறும் கழுத்துப் பட்டையின் நுனியைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

வாசலில் ஆட்டோ நின்றது. எட்டிப் பார்த்தவன் சட்டென்று தலையை இழுத்துக்கொண்டான். இறங்கியவர் ஸ்ரீநிவாசன். அந்தக் கடிதத்தைக் கொடுத்த மேனேஜர், போதாக்குறைக்கு மாடி வீட்டுக்காரர்.

"பெண்டாட்டிகிட்ட மறைக்கறது மகா பாவம்ப்பா. ரெண்டு நாள்ல நீ சொல்லலைன்னா நானே சொல்லிடுவேன்" என்று அன்றே மிரட்டியிருந்தார். "சொல்லிட்டேன் சார்" என்று மூன்றாம் நாள் லிஃப்டில் கூசாமல் புளுகியிருந்தான்.

பீரோ உயரத்துக்கு நின்ற ஒரு பழைய இயந்திரத்தின் பின்னால் போய் ஒண்டிக்கொண்டான். வேலை நாளும் அதுவுமாக இந்த மனுஷனுக்கு இங்கே என்ன ஜோலி? ஆபீஸ் பட்டாளத்தையே சுற்றிக்காட்ட அழைத்து வருகிறாரோ? சாயங்காலமே பார்கவி காதுக்குப் போய்விடும். அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

ஸ்ரீநிவாசன் தனியாகத்தான் உள்ளே வந்தார். தோளில் பை, கழுத்தில் பட்டை, அதன் நுனி சட்டைப் பைக்குள். டிக்கெட் மேஜையில் இருந்த எஸ்தரிடம், "டிக்கெட்... கித்னா... ஹோதா..." என்று இந்தியில் விலை கேட்கத் தடுமாறினார்.

"தமிழ்லயே கேளுங்க சார், நானும் தமிழ்தான்" என்று சிரித்தாள் அவள்.

அவர் இரண்டு பக்கமும் திருட்டுப் பார்வை பார்த்தார். மேஜைமேல் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"ஏம்மா, மாசத்துக்குச் சேர்த்து பாஸ் எதாவது தருவீங்களா?"