ஸ்கீபோர்ட் படத்துக்கு ஒரு பாட்டு

மனைவி சாம்பவி ஸ்கீபோர்டில் பனிமலை இறங்கியதை, பின்னாலேயே சறுக்கி வந்து வினோஜன் படம் பிடித்திருந்தான். அந்தக் குட்டைப் பலகைக்கு ஊன்றுகோல் வேண்டாம் என்பதால் கையில் கமரா. வெட்டி ஒட்டித் தரும் பொறுப்பு, துறைமுகத்தில் கூட வேலை செய்யும் டனிஸ்ரனுக்கு.

"படம் திறம் மச்சான். ஆனா ஏன்ரா வழிநெடுக இடப்பக்கம், வலப்பக்கம் எண்டு கத்துறாய்? சறுக்கிறவவுக்குத் தெரியாதே?"

"அதிலை மட்டும் கை வைக்காதை. அவளின்ரை பிறந்தநாளுக்குக் குடுக்கிற படம்."

டனிஸ்ரன் கேட்கவில்லை. கத்தலை நீக்கிவிட்டு நல்ல பாட்டொன்றைப் போட்டான்.

பிறந்தநாளன்று புரோசார்ட் நகரில் வினோஜனின் வீட்டில்தான் சாம்பவியை முதன்முதலாக நேரில் கண்டான். வினோஜன் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றான். டனிஸ்ரன் தொலைக்காட்சியில் படத்தை ஓடவிட்டான். பாட்டு முடியும்வரை அவள் ஆவலோடு காத்திருந்தாள்.

"பாட்டு நல்லாயிருக்கு அண்ணை. படம் எப்ப துவங்கும்?"

டனிஸ்ரன் திடுக்கிட்டுத் திரும்பினான். அவள் கண்கள் பக்கத்துச் சுவரில் அசையாமல் நின்றன. அவளுக்குப் பார்வை இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

"இந்தா, இப்ப துவங்கும் தங்கச்சி" என்று அவசரமாகப் பழைய பிரதியைப் போட்டான்.

"இடப்பக்கம்... இன்னும் கொஞ்சம்... இப்ப வலப்பக்கம். பயப்பிடாதையப்பா, நான் பின்னாலை வாறன்."

கதிரையில் இருந்தபடியே சாம்பவி இடப்பக்கம் சாய்ந்தாள். பிறகு, சிரித்துக்கொண்டே வலப்பக்கம்.