மறைத்து வைத்த பட்டன்

வெள்ளிக்கிழமை மத்தியானம், புனேயின் பாணேர் ஆபீசில் எல்லோரும் மிசல் சாப்பிடக் கிளம்பிய பிறகும் தினேஷ் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. திருடப் போகிறவனுக்குப் பசி எடுக்காது போலிருக்கிறது.

பணமெல்லாம் இல்லை. அவன் திருட நினைத்தது கோயமுத்தூருக்கு ஒரு டிரான்ஸ்ஃபர். மனைவி ஜான்சி அங்கே அம்மா வீட்டில் இருந்தாள். பிறந்த மகளை அவன் இன்னும் வீடியோ காலில்தான் கொஞ்சிக்கொண்டிருந்தான். காலியிடமோ ஒன்றே ஒன்று; ஆபீசில் லலிதாவும் அதைக் கேட்டிருந்தாள். முடிவு திங்கட்கிழமை.

கம்பெனி போர்ட்டலுக்குத் தீம் செய்வது தினேஷின் வேலை. எந்தப் பக்கத்துக்கு என்ன நிறம், யாருக்கு எந்தப் பட்டன் தெரியலாம் என்ற செட்டிங்குகளெல்லாம் அவரவர் பிரவுசரிலேயே வந்து இறங்கும். விவரம் தெரிந்தவன் அங்கே கை வைத்தால், மறைத்து வைத்த பட்டனும் எட்டிப் பார்க்கும். அழுத்துவது மேனேஜர்தானா என்று சர்வர் சரிபார்க்க வேண்டும். அந்த வேலையை 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட்ட புண்ணியவானும் தினேஷ்தான்.

தன் விண்ணப்பத்தைத் திறந்தான். 'முடிவைக் காட்டு', 'ஒப்புதல் பட்டனைக் காட்டு' என்ற இரண்டு செட்டிங்குகளுக்கும் நேரே 'இல்லை' என்றிருந்தது. முடிவு வந்தால்தானே காட்டுவதற்கு? இரண்டாவதை மட்டும் 'ஆம்' என்று மாற்றினான். பட்டன் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினான்.

'பதிவு செய்யப்பட்டது' என்றது திரை.

வெளியே வந்து ஜான்சிக்கு போன் போட்டான்.

"பொட்டிய கட்டிட்டேன்னு வெச்சுக்கோ."

"அதுக்குள்ள ரிசல்ட் வந்துருச்சுங்களா?"

"வந்த மாதிரிதான்."

திங்கட்கிழமை பேடா டப்பாவோடு வந்தவனை மேனேஜர் சந்திரிகா அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் உன் அப்ளிகேஷன்ல யாரோ கை வெச்சிருக்காங்க தினேஷ்."

தினேஷ் டப்பாவை மேஜைமேல் வைத்தான். "யா... யாரு மேடம்?"

"அதான் தெரியல. மேனேஜர் பட்டனை அழுத்தியிருக்காங்க. சர்வர்ல செக்கும் இல்ல, பேரும் பதிவாகல."

தானே சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது. "மேடம், அது வந்து..."

"நீ ஏம்ப்பா பதறுற? குழந்தை முகத்தைக் கூட நேர்ல பார்க்காதவனாச்சேன்னு, அன்னிக்குக் காலையிலயே உனக்கு ஓகே போட்டுட்டேன். ஓகேவுக்கும் கேன்சலுக்கும் ஒரே பட்டன் போதும், பார்க்க அழகா இருக்கும்னு நீதானே டிசைன் பண்ணினே? யாரோ மறுபடி அழுத்தி அதைக் கேன்சல் பண்ணிட்டாங்க. இப்ப லலிதாவுக்கு ஆர்டரே வந்தாச்சு."

சந்திரிகா டப்பாவைத் திறந்து ஒரு பேடாவை எடுத்துக்கொண்டாள்.

"உன் வயித்துல அடிச்ச அந்தப் படுபாவிய நீயே கண்டுபிடி. அவன் சிக்கற வரைக்கும் உன்னைப் புனேயை விட்டு அனுப்பறதா இல்ல."