அமாவாசைக்குப் போயிருந்தால்

மூணாறில் கல்யாண விருந்தை முடித்துக்கொண்டு, போடிக்கு மலைப்பாதையில் ஜீப்பை இறக்கிக்கொண்டிருந்தார் பாஸ்கல். பின்சீட்டில் மனைவி சிசிலி. முன்சீட்டில் பாஸ்கலுக்குப் பக்கத்தில், சிசிலிக்குத் தெரிந்தவர் என்று கல்யாண வீட்டில் ஏறிக்கொண்ட ஆசீர்வாதம்.

"அண்ணாச்சி, கம்ப்யூட்டரு குளிர் தேசத்துல பொறந்ததாம்ல? அதான் ஏ.சி. ரூம்ல வச்சு வளக்காங்களாம்" என்றார் ஆசீர்வாதம்.

பாஸ்கலுக்குச் சுருக்கென்றது. "அது மிஷினு சார். ஓடுனா சூடாகும். அதுக்குத்தான் ஏ.சி."

"அப்படியா? சரி, நம்ம கவர்னரு அடுத்த எலெக்‌ஷன்ல தோத்துட்டா என்ன செய்வாரு?"

"கவர்னரு எங்க எலெக்‌ஷன்ல நிக்காரு? டெல்லியில நியமிக்காங்க."

"சந்திரனுக்குப் போனவங்க அமாவாசைக்குப் போயிருந்தா, எறங்க எடமே இருந்திருக்காதுல்ல?"

பாஸ்கலுக்கு ரத்தம் கொதித்தது. அடிவாரம் வரும்வரை தொண்டை கட்ட விளக்கினார்.

போடியில் ஆசீர்வாதம் கும்பிட்டு விடைபெற்றதும் பாஸ்கல் பொருமினார். "இப்படி ஒரு மடையனை நான் பாத்ததே இல்ல."

"அவரு ஹைஸ்கூல் சயின்ஸ் வாத்தியாருங்க" என்றாள் சிசிலி.

"பின்ன ஏன் அப்படி ஒளறுனாரு?"

"பிரியாணி மயக்கத்துல ரெண்டாவது வளைவுலயே நீங்க கண்ணசந்துட்டீங்க. மனுஷன் வெலவெலத்துப் போயிட்டாரு. எதையாவது தப்பாச் சொல்லுங்க, இவரு முழிச்சுக்கிடுவாருன்னு நான்தான் அவரு காதைக் கடிச்சேன்."



"தப்பு" என்றார் பாஸ்கல். "ரெண்டாவது வளைவுல நான் முழிச்சுத்தான் இருந்தேன். தூங்குனது மூணாவதுல."